ஐந்து வரிசைத் தையல்

எங்கள் வீட்டு அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பொருள் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, குதிரைக்குப் போடுகிற சேணமா என்று கேட்பார்கள். இல்லையென்றால், யாருக்காவது இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கொடுத்ததா என்பார்கள். குதிரைக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இடுப்பு உடைந்தது மட்டும் உண்மை. அது வேனின் சீற் பெல்ட்டுகளை வெட்டி என் மாமா அப்பாவுக்குத் தைத்துக் கொடுத்த மரச்சேணம். இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டிக்கொண்டு, அதன் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டி, கால்களை மரத்தில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தால், பாதி நின்றபடியும் பாதி இருந்தபடியும் அந்தரத்தில் கிடக்கலாம். அப்படிக் கிடந்துதான் அப்பா பன்றிக்குக் காவல் இருப்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. வாவிக்கு மேற்கே, ஊரவர் எல்லாருடைய வயல்களும் ஒன்றாய்க் கிடக்கும் எங்கள் வட்டைக்கு அப்பாதான் காவல்காரர். பன்றி சுட அனுமதிப்பத்திரம் எடுத்த துவக்கு ஒன்று வட்டைக்கென்று இருந்தது. அது காவல்காரரின் பொறுப்பில் இருக்கும். பொழுது சாய்ந்து மம்மலாகும் நேரத்தில் அப்பா வாய்க்கால் ஓரத்து மருத மரத்தில் ஏறிப் பரணில் குந்திவிடுவார். ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால் போதும், ஒரு குடும்பத்தின் சோறு விடிவதற்குள் சேறாகிவிடும். அதனால் அப்பாவுக்கு ஊரில் நல்ல மரியாதை. அந்த மரியாதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்தில் தலையை நிமிர்த்தித்தான் நடப்பேன்.

பரண் கட்டுவது மாமாவின் வேலை. அம்மாவின் தம்பி அவர். ஒவ்வொரு போகமும் பரணின் தடிகளை மாற்றிக் கட்டி, ஏறும்போது பிடிக்கிற கயிற்றைப் புதிதாய்ப் போட்டுக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் வாவிக்கு அக்கரையில், களுவாஞ்சிக்குடியில், ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சீற் தைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு விதைப்புக் காலத்தில் அப்பா அந்த மரத்திலிருந்து விழுந்தார். உழவு மெசினின் பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். வலியில் முகம் கறுத்துப் போயிருந்தது. அம்புலன்ஸ் வரும்வரை முற்றத்தில் பாயில் கிடந்தவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். பொத்தியிருந்த கையை விரித்தார். உள்ளே முழ நீளத்தில் ஒரு தும்புக் கயிற்றுத் துண்டு இருந்தது.

"மகள், இதக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள போடு. ஒருத்தருக்கும் காட்டாத."

எனக்கு விசயம் உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். எங்கள் வீட்டில் யாருக்குத் தலையிடி வந்தாலும் அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவா. கண்ணூறு கழிந்துவிடும். மரத்தால் விழுந்தவருக்கு மரத்துக் கயிற்றை எரிப்பதுதானே முறை! குசினிக்குள் ஓடி, ஒரு குறையும் வரக்கூடாதென்று கயிற்றை மூன்று தரம் சுற்றி, மூன்று தரம் துப்பி, அடுப்புக்குள் போட்டேன். மிளகாய் எரிந்து கமறாவிட்டால் கண்ணூறு பொல்லாதது என்பார்கள். அந்தக் கயிறு எரிந்து ஒரு தும்மல்கூட வரவில்லை. ஊர் முழுக்க அப்பாவின் மேல் கண் போட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். தும்புக் கயிறு எரிந்தால் எதற்குக் கமறப் போகிறது என்று யோசிக்கிற வயதில்லை.

எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொன்னார்.

"மழை பேஞ்ச மரம். கால் வழுக்கிட்டு."

அம்மா அதைக் கேட்கும்போதெல்லாம் பொரிந்து தள்ளுவா. கண்ணைப் பிடரியிலா வைத்துக்கொண்டு ஏறினீர்கள் என்பா. மனிதர் மறுபடியும் மழையைத்தான் குறை சொல்லுவார்.

இடுப்பில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பொல்லூன்றி நடக்கலாம், நிற்கலாம். ஆனால் காலை மடித்துக் குந்த ஏலாது. குந்த ஏலாதவருக்குப் பரணில் என்ன வேலை? எட்டு மாதம் அப்பா கட்டிலும் கதிரையுமாகக் கிடந்தார். மாமா ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிவிட்டு வாவியைக் கடந்து வந்து, அவரைத் தூக்கிக் குளிக்க வார்த்து, சாரம் மாற்றிவிட்டுப் போவார். மச்சானும் மச்சானும் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஊரே சொன்னது. மாமாவுக்குக் கடையில் வேலை குறைவு போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அடுத்த போகத்தில் பயிர் பச்சை பிடித்த பிறகு வட்டை விதானையார் வந்தார். வயல்காரர்கள் கூடித் தெரிவு செய்த தலைவர் அவர். நல்ல மனிதர். கதிரையின் நுனியில் இருந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். கடைசியில்தான் விசயத்துக்கு வந்தார்.

"தம்பி, குறையா நினைக்காதீங்க. நெல்லு குடலை தள்ளிக் கதிர் வர முதல் ஆராவது மரத்தில இரிக்க வேணும். உங்களுக்கு ஏலுமெண்டா நீங்கதான். ஏலாதெண்டா துவக்க மத்தாளுக்குக் குடுக்கத்தான் வரும்."

அப்பா தலையை ஆட்டினார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. குசினிக்குள் அம்மா மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"தம்பி, துவக்குப் போனா இந்த மனிசன் மறுகா கட்டில விட்டு எழும்பாது. எழுதி வெச்சுக்க."

இரண்டு நாள் கழித்து மாமா கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் பைன் மரம் ஒன்றில் இடுப்புப் பட்டியால் தொங்கிக்கொண்டு, மானுக்காகக் காத்திருந்தான். குந்தவும் இல்லை, கால் மடிக்கவும் இல்லை. மாமா அதை நிறுத்தி நிறுத்திப் பத்துத் தரம் பார்த்தார். வெள்ளைக்காரன் சொன்னது எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் பட்டி எங்கே போகிறது, வளையம் எங்கே வருகிறது என்பதைச் சீற் தைக்கிறவருக்கு யார் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்?

சாமான் வாங்கக் காத்தான்குடிக்குப் போனபோது நானும் தொத்திக்கொண்டேன். மாமா அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற, பழைய வாகனச் சாமான் விற்கிற முதலாளி, கழற்றிப் போட்ட சீற் பெல்ட்டுகளை மாமா ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

"என்ன மகன், எந்த வேனுக்கு?"

"வேனுக்கில்ல காக்கா. மனிசன் மரத்தில தொங்க."

முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய், தேயாத பெல்ட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தார். "அப்ப மூணு வரி தையல் போடுங்க. ரெண்டு நம்மட பொறுப்பு, மூணாவது அல்லாட பொறுப்பு" என்றார்.

மாமா மூன்று போடவில்லை. ஐந்து போட்டார். கடையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்த்தவள் நான்தான். என்னத்துக்கு மாமா ஐந்து என்று கேட்டேன்.

"நூல் மிஞ்சிப் போச்சு புள்ள" என்றார். நூற்பந்து அப்போதுதான் பிரித்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாய் இருந்திருக்கும். ஆனால் சீற் தைக்கிற கை சும்மா இருக்குமா? வெறும் பெல்ட்டில் அத்தானை இருத்துவதா என்று பஞ்சணை வைத்தார். அதற்கு மேல் கறுப்பு ரெக்சின் இழுத்து ஒட்டினார். சிவப்புக் கரை பிடித்தார். ஓட்டோவுக்குப் பின்னால் தைப்பதுபோல முதுகுப் பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் 'கண்ணகை அம்மன் துணை' என்றும் தைத்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு வடிவு.

"என்னடா தம்பி இது, மாப்பிள்ளை இரிக்கிற கதிரையா?" என்றா அம்மா.

முற்றத்து மாமரத்தில் அதைச் சோதித்துப் பார்க்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை. என் அப்பா மரத்தில் பறக்கப் போகிறார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்ததால் வேலி நிறையப் பிள்ளைகள். மாமா ஒரு நெல் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். முதலில் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்ப்போம், பிறகு நான் தொங்குவேன், அதற்குப் பிறகுதான் அத்தான் என்றார். அப்பா பொல்லைச் சுவரில் சாய்த்தார்.

"மூட்டைக்கு என்ன தெரியும்? இஞ்ச கொண்டா."

"இல்ல அத்தான், ஒள்ளுப்பம் பொறுங்க. நான் முதல்ல..."

"நீதானே தைச்சாய்? அது காணும்."

அப்பா ஏணியில் ஒவ்வொரு படியாய் ஏறி, கயிற்றைக் கொழுவி, ஏணியிலிருந்து காலை எடுத்து, தன் முழுப் பாரத்தையும் அதில் விட்டார். எனக்கு அவருடைய அவசரம் வேடிக்கையாய் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், மாமாவைக் காணவில்லை. கிணற்றடிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பெரிய வேடிக்கை நடக்கிற நேரம் பார்த்தா இவருக்கு ஒன்றுக்கு வரவேண்டும் என்று எனக்குச் சினம் வந்தது. மேலே அப்பா காலால் மரத்தை உந்தி ஒரு ஆட்டம் ஆடினார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என் அப்பா சிரித்தார். அதைக் கண்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டா.

ஆனால் மாமரத்தில் ஆடினால் பன்றி சாகுமா? அப்பா அதே ஏணியில் ஏறி மூன்று மம்மல் மருத மரத்தில் தொங்கினார். சோறு கொண்டுபோகிற சாட்டில் நானும் மாமாவும் வயலுக்குள் இருந்த வாடிக் குடிசைக்குள் ஒளிந்திருந்து பார்ப்போம். பன்றிகள் பற்றைக்குள் இருந்து வரும். வரம்புவரை வந்து மூக்கைத் தூக்கும். பிறகு ஏதோ அவமானப்பட்டதுபோலத் திரும்பிப் போய், அடுத்த பக்கத்தால் இறங்கிப் பயிரை உழக்கும். மூன்று நாளும் அதே கூத்து. நாலாம் நாள் காலை விதானையார் வந்தார்.

"தம்பி, இன்னும் ஒரு கிழமைதான். சனம் என்னப் பேசுது."

அவர் போனதும் அப்பா சேணத்தைக் கழற்றித் தரையில் போட்டார். எறியவில்லை, மெதுவாகத்தான் போட்டார். மறுபடியும் கட்டிலில் போய்ப் படுத்துவிடுவார் என்று பயந்தேன்.

அம்மாதான் குனிந்து அதை எடுத்தா. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனா. "சீ!" என்று முகத்தைத் திருப்பினா.

"இதென்ன ஒட்டுப் பசை மணக்குது! எனக்கே பத்து முழத்துக்கு அங்கால மணக்குது. பண்டிக்குத் தெரியாதா?"

உலகத்தில் எந்த வேட்டைக்காரனும் விடாத பிழை. சீற் தைக்கிறவர் மட்டும்தான் விடுவார். அம்மா பிளேடை எடுத்து ரெக்சினைக் கிழிக்கத் தொடங்கினா. மாமா, தன் பிள்ளையை அறுப்பதுபோலப் பக்கத்தில் நின்று துடித்தார்.

"அக்கா, அக்கா, அம்மன்ட பேர மட்டும் வெட்டாத!"

பேர் தைத்த துண்டைத் தனியாய் எடுத்துச் சாமித் தட்டில் வைத்தா. பஞ்சணையும் ரெக்சினும் குப்பைக்குப் போயின. மிஞ்சியது பெல்ட்டும் ஐந்து வரிசைத் தையலும்தான். அதை நானும் மாமாவும் கொண்டுபோய், பன்றிகள் புரளுகிற சேற்றுக் கிடங்கில் மூன்று நாள் புதைத்து வைத்தோம். எடுத்தபோது பன்றியே அதைத் தன் இனம் என்று நினைக்கிற மணம். அதை மாட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டா.

விதானையார் வந்துபோன ஐந்தாம் நாள் மம்மலில் ஒரே ஒரு வெடி கேட்டது. வாடிக்குள் மாமா என் கையை நசுக்கிவிட்டார். பன்றி விழுந்ததா என்றுகூட அவர் பார்க்கவில்லை. மருத மரத்தை நோக்கி வரம்பு வரம்பாய் விழுந்தெழும்பி ஓடினார். மரத்தடியில் நின்று, "அத்தான், இரிக்கீங்களா? அத்தான்!" என்று கத்தினார். மேலே இருந்து அப்பாவின் குரல் சாவகாசமாய் வந்தது.

"இரிக்காம எங்க போற? வேர்ல படுத்துக் கிடக்கு பாரு, ஆம்பிளைப் பண்டி."

இறைச்சி பங்கு போடுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. முதல் பங்கு துவக்குப் பிடித்தவருக்கு. அடுத்தது பன்றி விழுந்த வயல்காரருக்கு. மூன்றாவது பரண் கட்டியவருக்கு. மிச்சம் சுமந்தவர்களுக்கும் கேட்டு வந்தவர்களுக்கும். எங்கள் வீட்டு வளவில் ஓலைத் தீயில் மயிர் பொசுக்கி, வாழையிலையில் பங்கு பிரித்தார்கள். விதானையார் எல்லாருக்கும் கேட்கும்படியாக, துவக்கு இந்த வளவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பங்குகளைக் கூப்பிடத் தொடங்கினார். இரண்டு கூப்பிட்டார். மூன்றாவதில் தயங்கினார். இப்போதுதான் பரணே இல்லையே!

"பரண் பங்கு இரிக்கி" என்றார் அப்பா. பொல்லை ஊன்றி எழும்பி, அந்த இலையைத் தன் கையாலேயே தூக்கி மாமாவிடம் நீட்டினார்.

மாமா பின்னுக்குப் போனார். "எனக்கு வேணாம் அத்தான். அது எனக்கு... வேணாம்."

"பரண் கட்டினவனுக்குப் பங்கு. பிடி."

மாமா இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. மயிர் பொசுக்கிய புகை அந்தப் பக்கமாகத்தான் அடித்தது. புகைக்குள் நின்றால் இப்படித்தான், தள்ளி நில்லுங்கள் மாமா என்று புத்தி சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ போகம். நான் படித்து, களுவாஞ்சிக்குடியில் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். அப்பாவிடம்தான் இன்னும் துவக்கு. போன மாதம் சேணத்தின் ஒரு பட்டி நைந்துவிட்டது என்று மாமா தடித்த ஊசியோடு வந்தார். நரை விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்து நூல் கோத்துக் கொடுத்தபோது, காத்தான்குடி முதலாளி மூன்றுதானே சொன்னார், ஏன் ஐந்து போட்டீர்கள் என்று பழைய கேள்வியைச் சும்மா கேட்டேன். மாமா முற்றத்தை எட்டிப் பார்த்தார். அப்பா அங்கே கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான் விழுந்த அந்தப் போகம் பரண் கயிறு மாத்தினன் எண்டு சொன்னன் புள்ள. மாத்தல்ல. அண்டைக்கு, கலியாணத்துக்கு முதல், உங்கட மாமியப் பாக்கப் பெரியகல்லாத்துக்குப் போயிட்டன். நாளைக்கு மாத்துவமெண்டு இருந்தன். அண்டைக்கே ஏறிட்டார்."

ஊசி அவர் கையில் சும்மா இருந்தது.

"அடுத்த நாள் விடிய முதல் போய் மிச்சக் கயித்த அவுத்தெடுத்தன். அறுந்த துண்ட மட்டும் காணல்ல. எத்தின நாள் தேடினன் தெரியுமா? ஆராவது எடுத்து அத்தானுக்குக் காட்டிருவாங்களெண்டு பயம். கும்பிட்ட சாமி காப்பாத்திற்று. அவருக்குத் தெரியாது. வழுக்கினதெண்டுதான் இண்டைக்கும் நினைச்சிட்டிருக்கார்."

மூன்று தரம் சுற்றி, மூன்று தரம் துப்பி, அடுப்புக்குள் போட்டவள் நான். கண்ணூறு கழிக்கிறேன் என்று நினைத்து, ஒரு மனிதரின் குற்றத்துக்கு இருந்த ஒரே சாட்சியை எரித்திருக்கிறேன். அப்பா அதை மரத்தடியிலிருந்து வீடுவரை, இடுப்பு நொறுங்கிய வலியோடு, கைக்குள் பொத்திக்கொண்டு வந்திருக்கிறார். சேணத்தைத் தைத்தவரின் கையை நம்பி, மூட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஏணியிலிருந்து காலை எடுத்திருக்கிறார். இதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. நான் பன்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு அப்பாவும், பிழையை ஐந்து வரிசையாய்த் தைத்துத் தீர்க்கப் பார்த்த இப்படி ஒரு மாமாவும் எனக்கு வாய்த்ததற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒருத்தருக்கும் காட்டாதே என்றுதான் அப்பா சொன்னார். சொல்லாதே என்று சொல்லவில்லை.

"மாமா, அந்தத் துண்டு அப்பாட கைக்குள்ளதான் இரிந்திச்சு. அவர்தான் அடுப்பில போடச் சொன்னவர். போட்டது நான்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு முற்றத்தைப் பார்த்தார். அங்கே அப்பா நொண்டி நொண்டி ஒரு சேவலை விரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் முடியல்லயா மச்சான்? மம்மலாகப் போகுது!" என்று அங்கிருந்தே கூப்பிட்டார்.

"இந்தா அத்தான், ஒள்ளுப்பம்" என்றார் மாமா. சாரத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊசியை எடுத்து, ஆறாவது வரிசையைத் தொடங்கினார்.